மேசை மேல் ஒரு மலை

பணி மாறுதலில் ஆனைகட்டிக்கு வந்தபின், மழைநாள் மாலைகளில் மாணவர்களோடு போர் விளையாட்டு ஒன்றை ஆடி வருகிறேன். மேசையே போர்க்களம், களிமண்ணே மலைமுகடு, அட்டை வில்லைகளே படைகள். முகட்டைக் காப்பவருக்குப் பகடையில் நான்கு விழுந்தால் போதும்; ஏறி வருபவருக்கு ஆறு விழவேண்டும்.

நாங்கள் ஆடுவது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் ஆரல்வாய்மொழிக் கணவாயில் 1809ஆம் ஆண்டு நடந்த போர். திருவிதாங்கூர்த் தளவாய் வேலுத்தம்பி கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்தெழுந்தார். கணவாயை மதிலும் பீரங்கிகளும் காத்தன. கம்பெனிப் படையின் ஒரு பிரிவு இரவில் தென்புறச் செங்குத்து மலையில் ஏறியது. பிப்ரவரி 10 அன்று அரண் வீழ்ந்தது.

ஒருநாள் கம்பெனிப் பக்கம் ஆட எவரும் முன்வரவில்லை.

"அவர்கள் அந்நியர் அல்லவா, ஐயா?" என்றான் ஒரு மாணவன்.

"தலைவர்கள் ஆங்கிலேயர். ஆனால், அப்படையில் சென்னை மாகாணச் சிப்பாய்களும் இருந்தனர். அவர்கள் நம் நாட்டினர், ஊதியத்திற்காகப் போரிட்டவர்கள்" என்றேன்.

அவன் தன் கையிலிருந்த வில்லையை நெடுநேரம் பார்த்தான். பிறகு, தானே ஏறுபவர் பக்கம் சென்று அமர்ந்தான்.

அன்றுமுதல் ஒவ்வோர் ஆட்டத்திலும் பக்கம் மாறி அமர்கிறோம். ஏறுபவரின் களைப்பையும் காப்பவரின் அச்சத்தையும் இருவரும் அறியவேண்டும் அல்லவா?