பரேல்: பெற்றோர் காத்திருக்கும் வீதி

சயானில் மின்ரயில் ஏறி, மாதுங்காவையும் தாதரையும் கடந்தால் பரேல். ஒரு காலத்தில் பஞ்சாலைகளின் புகைபோக்கிகளால் அறியப்பட்ட பகுதி. 1982ஆம் ஆண்டின் பெரும் வேலைநிறுத்தத்திற்குப் பின் ஆலைகள் ஒவ்வொன்றாய் ஓய்ந்தன. இன்று அவ்விடங்களில் வானளாவிய கட்டடங்கள் நிற்கின்றன. ஆயினும் நாடெங்கிலுமுள்ள எண்ணற்ற குடும்பங்களுக்குப் பரேல் என்றால் 1941ஆம் ஆண்டு திறக்கப்பட்ட டாட்டா நினைவு மருத்துவமனையே.

பிரியமானவர்களே, அம்மருத்துவமனையைச் சுற்றியுள்ள வீதிகளில் ஒருமுறை நடந்து பாருங்கள். முகக்கவசம் அணிந்த, தலைமுடி உதிர்ந்த சிறு பிள்ளைகள். ஒரு கையில் தடித்த மருத்துவக் கோப்பும் மறுகையில் தண்ணீர்ப் புட்டியுமாய்த் தாய்மார். நடைபாதையில் விரித்த பாயில் அமர்ந்து, மாதக் கணக்கைக் கூட்டிப் பார்க்கும் தகப்பன்மார். தூர மாநிலங்களிலிருந்து வந்தோருக்கு நோயோடு தங்குமிடமும் பெரும் பாரமாகிறது. தாதரில் உள்ள காட்கே மகராஜ் தர்மசாலை அவர்களுக்கு அடைக்கலம் தருகிறது. 2006ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட செயின்ட் ஜூட் இந்தியா இல்லங்கள், சிகிச்சை பெறும் பிள்ளைகளையும் பெற்றோரையும் கட்டணமின்றித் தங்கவைக்கின்றன. படுக்கை வகுப்பு இரயில் பயணத்தில், சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்குக் கட்டணமில்லை. துணைக்குச் செல்பவர் கால்பங்கு கட்டணம் செலுத்தினால் போதும்.

பிள்ளைகளுக்கு அதிகமாய் வரும் புற்றுநோய் இரத்தப் புற்றுநோய். அதன் மருந்துகளுள் ஒன்றான வின்கிறிஸ்டின், நம் ஊரில் சுடுகாட்டு மல்லி என்று ஒதுக்கப்படும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கப்படுவது. மற்றொன்றான மெத்தோட்ரெக்சேட், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ் அமெரிக்காவில் நடத்திய ஆய்வுகளின் கனி. ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் மரித்துப்போன இந்நோயில், நல்ல சிகிச்சை முழுமையாய்க் கிடைக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் இன்று பிழைக்கிறார்கள்.

முழுமையாய் என்பதே முக்கியம். முதல் மாத முடிவிலேயே பெரும்பாலான பிள்ளைகளின் இரத்தத்தில் நோயின் அடையாளம் மறைந்துவிடும். முகம் தெளியும், பசி எடுக்கும். வேலையும் வாடகையும் மற்றப் பிள்ளையின் படிப்பும் பெற்றோரை வீட்டிற்கு இழுக்கும். “சுகம் கிடைத்துவிட்டதே, இனி மருந்து எதற்கு?” என்று உறவினர் கேட்பர். அன்று நன்றி செலுத்துங்கள், ஆனால் மருந்தை நிறுத்தாதிருங்கள். மறைந்திருக்கும் அணுக்களை அழிக்க இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் சிகிச்சை வேண்டும். இடையில் விட்டால் நோய் திரும்பும். திரும்பிய நோய் அடங்குவது கடினம். மருந்தைத் தொடர்வது விசுவாசக் குறைவன்று.

சபையாருக்கும் ஒரு வார்த்தை. மருந்தினால் பிள்ளையின் வெள்ளணுக்கள் குறையும் நாட்களில் சாதாரண சளியும் ஆபத்தாகும். ஆகையால் கூட்டமாய்ச் சென்று சூழ்ந்து நிற்காமல், வாசலில் நின்றே ஜெபித்துத் திரும்புங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், நள்ளிரவாயினும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச்செல்ல வாகனம் தேவைப்படும். அதை ஆயத்தமாய் வைத்திருக்கும் சகோதரன் பெரிய ஊழியம் செய்கிறான். யார் செய்த பாவம் என்று ஆராயாதிருங்கள். பெற்றோர் செய்த எதனாலும் இந்நோய் வருவதில்லை என்று மருத்துவர்கள் சொல்லும்போது, அதைக் கேட்டுத் தேம்பி அழும் தாய்மார் உண்டு. அத்தனை நாளும் அந்தக் குற்றவுணர்வைச் சுமந்திருக்கிறார்கள்.

வீட்டில் விடப்பட்ட மூத்த பிள்ளையையும் நினையுங்கள். அம்மா எப்போது வருவாள் என்று கேட்கவும் தயங்கி அது மௌனமாயிருக்கும். அதைப் பள்ளிக்கு அழைத்துச்செல்லுங்கள். மாலையில் உங்கள் பிள்ளைகளோடு அமரவைத்து உணவு பரிமாறுங்கள். பரேலில் காத்திருக்கும் தாய் அன்றிரவு சற்றே கண்ணயர்வாள்.