கை முதலில், காது பிறகு

கலிபோர்னியாவின் கொரோனா நகரில் 1985 முதல் இயங்கும் ஃபெண்டர் கிதார்த் தொழிற்சாலைக்குள் நுழைகிறவர் இசையை எதிர்பார்ப்பார். காதை நிறைப்பதோ மரம் தேய்க்கும் இரைச்சல். மேப்பிள் கட்டையைக் கிதார்க் கழுத்தின் வடிவுக்கு அறுத்துத் தருவது கணினி இயந்திரம். அதன் முதுகைத் தேய்ப்புப் பட்டையில் உருட்டி உருட்டி வழவழப்பாக்குவது தொழிலாளியின் கை. 1950களில் ஃபெண்டர் கழுத்துகளைச் செதுக்கிய ததேயோ கோமெஸ், தன் பெயரின் முதலெழுத்துகளையும் தேதியையும் கழுத்தின் அடியில் எழுதி வைத்தார். பழைய கருவி வாங்குகிறவர்கள் இன்றும் திருகாணியைக் கழற்றி அந்தக் கிறுக்கலைத் தேடுகிறார்கள். 1956இல் வேலைக்குச் சேர்ந்து 2013இல் ஓய்வுபெற்ற அபிகேல் இபாரா கம்பி சுற்றிய, தந்தியின் அதிர்வை மின்குறிப்பாக்கும் பிக்கப்புகளுக்கும் அதே மவுசு. ஒருவர் வேலை கைக்கு, மற்றவர் வேலை காதுக்கு. பேஸ் கிதார் வாங்குகிறவர் எதை முதலில் பார்ப்பது? கோமெஸின் வேலையை என்பேன்.

ஃபெண்டரின் இரு பேஸ் கிதார்களான, 1951இல் வந்த பிரசிஷனுக்கும் 1960இல் வந்த ஜாஸுக்கும் தந்தி நீளம் ஒன்றுதான், 34 அங்குலம். கழுத்தின் தலைமாட்டில் பழைய பிரசிஷன் 44 மில்லிமீட்டர் அகலம், ஜாஸ் 38. கடையில் பேச்செல்லாம் ஒலியைப் பற்றித்தான்: பிரசிஷனின் பிளவுபட்ட பிக்கப் தரும் திண்மை, ஜாஸின் பின் பிக்கப்பை மட்டும் திறந்தால் வரும் உறுமல். வேறுபாடு உண்மை, ஆனால் இளகியது. தந்தியை மாற்றினால், டோன் குமிழைத் திருகினால், மீட்டும் விரலை நான்கு அங்குலம் நகர்த்தினால் ஒலி வேறாகிறது. கழுத்தும் நான்கு திருகாணிகளில்தானே நிற்கிறது, அதையும் மாற்றலாமே என்பார்கள். மாற்றலாம்தான், செலவு அதிகம். பிரசிஷன் உடலில் ஜாஸ் கழுத்தை மாட்டிக்கொள்கிறவர்கள் என் பக்கத்துச் சாட்சிகள். ஃபெண்டரே 1960களில் அகலத்துக்கு ஏற்ப ஏ, பி, சி என்று கழுத்தில் முத்திரை குத்தியது.

வலுவான மறுப்பு ஜேம்ஸ் ஜேமர்சன். 1962ஆம் ஆண்டுப் பிரசிஷனில், வலது கையின் ஒற்றை ஆள்காட்டி விரலால், டெட்ராய்ட்டின் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனப் பாடல்களுக்கு வாசித்தவர். அந்த அகலக் கழுத்து அவரை எங்கே தடுத்தது? அவர் நின்று வாசிக்கும் பெரிய டபுள் பேஸிலிருந்து வந்தவர். அதற்குப் பழகிய கைக்குப் பிரசிஷன் கழுத்து ஒரு பொருட்டல்ல. அவர் கதை என் கருத்தை உடைக்கவில்லை; கைக்குத் தக்க கழுத்து என்பதையே சொல்கிறது. கை எதற்கும் பழகிவிடும் என்பதும் பாதி உண்மைதான். தலைமாட்டிலிருந்து முதல் ஃப்ரெட் எனும் உலோகக் கோட்டுக்கே ஏறத்தாழ 48 மில்லிமீட்டர்; அங்கே பொருந்தாத கழுத்தைப் பிடிக்க மணிக்கட்டு மடங்குகிறது, கை அயர்கிறது. பேஸில் சுரம் தொடங்கும் கணத்தைப் போலவே அடங்கும் கணமும் தாளம்தான். அடக்குவது பெரும்பாலும் இடது கை. அயர்ந்த கை அடக்கத் தாமதித்தால் எந்த பிக்கப்பும் காப்பாற்றாது. சிறிய கைக்கு ஒல்லிக் கழுத்து என்ற விதியும் கிடையாது. அகலம் பொருந்தியும் தடிமன் உறுத்தலாம். கடைக்குப் போனால் ஆம்ப்ளிஃபையரில் செருகுமுன் தோள்வாரை மாட்டி, நின்றபடி, முதல் நான்கு ஃப்ரெட்டுகளில் பத்து நிமிடம் வாசித்துப் பாருங்கள். கட்டைவிரலின் அடிச்சதை வலித்தால், ஒலி எவ்வளவு பிடித்திருந்தாலும், அந்தக் கிதாரை இருந்த இடத்திலேயே மாட்டிவிடுங்கள்.