பெயர் வேறு, கம்பி வேறு

ஈஸ்ட் ஹாம், லண்டன்

அன்புள்ள அத்தானுக்கு,

அக்காவின் முழங்கால் வலி தேவலையா?

நீங்கள் அனுப்பிய குரல் பதிவை இரண்டு முறை கேட்டேன். மருமகளுக்கு ஹல் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததும், நாலு பேரோடு சேர்ந்து ஒரு வாடகை வீடு பார்த்திருப்பதும் முதல் நிமிடத்திலேயே முடிந்துவிட்டன. மீதி மூன்று நிமிடமும் இன்டர்நெட்தான். "பி.டி.தான் அங்கே பெரிய கம்பெனியாமே, கண்ணை மூடிக்கொண்டு அதையே போட்டுவிடலாமா?" என்று கேட்டிருந்தீர்கள்.

ஹல்லில் போட முடியாது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நம் பாளையங்கோட்டையில் மொட்டைமாடியில் ஏறி நின்றால் போதும். எந்தக் கம்பத்திலிருந்து கிளம்பும் வயர் யார் வீட்டு ஜன்னலில் நுழைகிறது என்பது தெரிந்துவிடும். தெரியாவிட்டால் கேபிள் அண்ணனுக்கு ஒரு போன். வயர் இழுப்பவர் அவர், மாதாமாதம் பணம் வாங்க வருபவர் அவர், அறுந்தால் ஏணியோடு நிற்பவரும் அவர். இங்கே இழுப்பவர் ஒருவர், விற்பவர் இன்னொருவர். வயரோ பாதி இடங்களில் மண்ணுக்கடியில்.

இந்த நாட்டில் மிகப் பெரிய வலையை வைத்திருப்பது ஓப்பன்ரீச். பி.டி. குழுமத்துக்குச் சொந்தமானது என்றாலும் சட்டப்படி தனி நிறுவனம். அது வீட்டுக்காரர்களுக்கு எதையும் நேரடியாக விற்பதில்லை. பி.டி., ஸ்கை, டாக்டாக், வோடஃபோன் என்று பல பெயர்களில் விற்பனையாவது பெரும்பாலும் அதன் கம்பிதான். ஒரே ஆலை அரிசியைப் பத்துப் பெயர் போட்ட பைகளில் கட்டி விற்பதுபோல. பையை மாற்றினால் விலை மாறும், ரவுட்டர் மாறும், குறை கேட்க போன் எடுப்பவரின் பொறுமை மாறும், அரிசி மாறாது.

இதன் மறுபக்கமும் உண்டு. விர்ஜின் மீடியாவுக்குச் சொந்த வலை இருக்கிறது. சிட்டிஃபைபர் பல ஊர்களில் தனியாகத் தோண்டியிருக்கிறது. லண்டனில் கம்யூனிட்டி ஃபைபர், அடுக்குமாடிகளைக் குறிவைத்த ஹைப்பராப்டிக் என்று இன்னும் சில. வோடஃபோன், ஓப்பன்ரீச் கம்பியிலும் விற்கிறது, சிட்டிஃபைபர் கம்பியிலும் விற்கிறது. ஸ்கையும் 2025-ல் அப்படித் தொடங்கிவிட்டது. ஆகவே இரண்டு ஊரில் இரண்டு பேர் ஒரே பெயருக்குப் பணம் கட்டினாலும், ஓடுவது வேறு வேறு கம்பியாக இருக்கலாம். எந்தக் கம்பெனி நல்லது என்று கேட்பதற்கு முன்னால், இந்த வீட்டுச் சுவர் வரை யார் யார் கம்பி வந்திருக்கிறது என்று கேட்கவேண்டும். அதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் வீடு உங்களுக்குத் தெரியும். பழைய வீட்டை இரண்டாகப் பிரித்ததில் மேல் பாதி எங்களுடையது. கீழே ஒரு போலந்துக் குடும்பம். ஒருநாள் கதவைத் தட்டிய விற்பனைப் பையன், "உங்கள் தெருவுக்கு ஃபைபர் வந்துவிட்டது" என்றான். பொய்யில்லை, தெருவுக்கு வந்திருந்தது. நிறுவனத்தின் தளத்தில் போஸ்ட்கோடைத் தட்டினேன். நம் பின்கோடு போல ஊரையே அடக்குகிற எண் இல்லை இது. ஒரு போஸ்ட்கோடுக்குள் சராசரியாக 15 முகவரிகள்தான். அந்தப் பட்டியலில் கீழ் வீடு இருந்தது. எதிர்வீடு இருந்தது. எங்கள் வீடு இல்லை.

போன் செய்தேன். "அப்படி ஒரு முகவரியே இல்லை, சார்" என்றாள் அந்தப் பெண், மிகுந்த மரியாதையோடு. இல்லாத வீட்டுக்குப் பதினோரு வருடமாகக் கவுன்சில் வரி கட்டிக்கொண்டிருக்கிறேன். துருவிப் பார்த்ததில் சங்கதி தெரிந்தது: தபாலில் எங்கள் வீட்டு எண்ணோடு 'ஏ' சேர்த்து எழுதுவார்கள், இன்னொரு பதிவேட்டிலோ அது வெறும் 'முதல் மாடி வீடு'. பெயர் பொருந்தாததால் கணினி எங்களை விட்டுவிட்டது. இங்கே ஒவ்வொரு முகவரிக்கும் 12 இலக்கம் வரையில் ஓர் அடையாள எண் உண்டு. அதைத் தேடி எடுத்துச் சொன்ன பிறகுதான் எங்களுக்கு உயிர் வந்தது. அப்புறம் சுவரில் துளை போடக் கட்டடச் சொந்தக்காரரின் கையெழுத்து. அதற்கு ஏழு வாரம்.

அந்த ஏழு வாரத்தில் நடைபாதையைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். காலடியில் இருக்கும் இரும்பு மூடிகளில் எழுத்து பொறித்திருக்கும். 'ஜி.பி.ஓ.' என்றிருந்தால் தொலைபேசி தபால் துறையிடம் இருந்த காலத்து மூடி. 'சி.ஏ.டி.வி.' என்றிருந்தால் கேபிள் டி.வி. கம்பெனிகள் தோண்டியது, அவற்றில் பெரும்பாலானவை பின்னாளில் விர்ஜின் மீடியாவுக்குள் அடங்கின. நான் குனிந்த தலை நிமிராமல் நடப்பதைப் பார்த்த யாழ்ப்பாணத்துக் காய்கறிக் கடைக்காரர், "என்ன அண்ணை, காசைத் துலைச்சுப்போட்டியளோ?" என்று கேட்டார்.

மூடி, தெருவின் கதையைத்தான் சொல்லும். வீட்டின் கதைக்கு, தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் ஆஃப்காம் ஆணையத்தின் தளத்துக்குப் போகவேண்டும். போஸ்ட்கோடு கொடுத்து, முழு முகவரியைத் தேர்ந்தெடுத்தால் அங்கே எந்தெந்த வலைகள் இருக்கின்றன என்று பெயரோடு காட்டும். அது சற்றுப் பழைய கணக்காக இருக்கலாம். ஆகையால் வலை நிறுவனத்தின் சொந்தத் தளத்திலும் ஒருமுறை தட்டிப் பார்ப்பது நல்லது.

'ஃபைபர்' என்ற சொல்லிலும் ஒரு கண் வேண்டும், அத்தான். தெருமுனைப் பச்சைப் பெட்டி வரை கண்ணாடி இழை, அங்கிருந்து வீடு வரை பழைய செம்புக் கம்பி. இதையும் பல வருடங்கள் ஃபைபர் என்றே விற்றார்கள். வேகம் 80 மெகாபிட் அளவோடு நின்றுவிடும். பெட்டியிலிருந்து வீடு தள்ளிப்போகப் போக அதுவும் குறையும். விளம்பரத் தர ஆணையம் 2017-ல் இது தவறில்லை என்றது. சிட்டிஃபைபர் வழக்குப் போட்டு, 2019-ல் உயர் நீதிமன்றத்தில் தோற்றது. 2024 செப்டம்பரில்தான் ஆஃப்காம், வீடு வரை இழை வந்தால் மட்டுமே வாடிக்கையாளரிடம் ஃபைபர் என்று சொல்லவேண்டும் என்று வழிகாட்டியது. அந்த ஆண்டுக் கணக்கில் அப்படிப்பட்ட இழை எட்டியிருந்தது 69 சதவீத வீடுகளை.

இனி ஹல். 1902-ல் அந்த ஊர் நகராட்சி தானே தொலைபேசி நடத்த உரிமம் வாங்கி, 1904-ல் எக்ஸ்சேஞ்ச் திறந்தது. மற்ற ஊர்த் தொலைபேசிகள் தபால் துறைக்குள் போய், 1981-ல் பி.டி.யாகி, 1984-ல் தனியார்மயமாயின. ஹல் மட்டும் ஒட்டாமல் தனியே நின்றது. அங்கே பி.டி. போட முடியாது என்றது அதனால்தான். நாடெங்கும் சிவப்பாக இருக்கும் தொலைபேசிக் கூண்டு அங்கே வெண்ணெய் நிறம். மருமகள் போன முதல் நாளே பார்ப்பாள். அந்த நகராட்சித் தொலைபேசியின் வாரிசான கே.காம் நிறுவனம், 2019-லேயே ஊர் முழுக்க வீடு வரை இழை போட்டு முடித்துவிட்டது. லண்டன்காரனான நான் ஏழு வாரம் காத்திருந்தது நினைவுக்கு வந்து கொஞ்சம் வயிறு எரிந்தது. ஒரே கம்பியாக இருந்த ஊருக்கு இப்போது வேறு சில நிறுவனங்களும் வந்திருக்கின்றன. அவர்கள் நட்ட மரக் கம்பங்கள் பிடிக்காமல் சில தெருக்களில் மக்கள் மறியலே செய்தார்கள்.

ஆக, மருமகளிடம் மூன்று காரியம் சொல்லுங்கள். வாடகையிலேயே இன்டர்நெட் அடக்கமா என்று முதலில் கேட்கட்டும். பல மாணவர் வீடுகளில் அடக்கம். இல்லையென்றால் 24 மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவேண்டாம். அவள் அங்கே இருக்கப்போவது ஒரு வருடம். மூன்றாவதாக, வெளியிலிருந்து கம்பி உள்ளே வரும் சுவரைப் போட்டோ எடுத்து அனுப்பும்படி வீட்டுக்காரரைக் கேட்கட்டும். விளக்கு எரியும் சின்ன வெள்ளைப் பெட்டி இருந்தால் இழை வீட்டுக்குள்ளேயே வந்தாயிற்று. அதன்மேல் எந்தப் பெயர் இருக்கிறதோ, அதுதான் உங்கள் கேள்விக்குப் பதில்.

போட்டோ வந்ததும் எனக்கும் அனுப்புங்கள். அதே சுவரில் ஹீட்டர் இருக்கிறதா என்று நான் பார்த்துக்கொள்கிறேன். நாலு நிமிடப் பேச்சில் அதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஹல், கழிமுகத்தை ஒட்டிய வடக்கத்தி ஊர், அத்தான்.

அன்புடன்,
உங்கள் மைத்துனன்