கரையான் அரிக்காத மரம்

மேஜை செய்யச் சொன்னாலும் சரி, ஊஞ்சற் பலகை செய்யச் சொன்னாலும் சரி, நம்மவர்கள் தச்சரிடம் கேட்கும் முதற் கேள்வி ஒன்றே: "கரையான் அரிக்காத மரந்தானே?" அந்த மரம் தச்சரை அரிக்குமா என்று எவரும் கேட்பதில்லை. அப்படியும் ஒரு கேள்வி உண்டென்பதை எங்கள் ஆசாரியாரின் உடம்பே தெருவுக்கு அறிவித்தது.

ஈட்டி மர வேலையில் அவருக்கு 30 வருஷத்துப் பெயர். காரைக்குடிப் பக்கத்தில் பழைய வீடுகளைப் பிரித்து விற்கும் கட்டைகளை வாங்கி வந்து, இழைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாரானால் முகம் பார்க்கலாம். அப்படிப்பட்டவருக்கு ஒரு சித்திரை மாதத்தில் கண்ணிமைகள் வீங்கின. கழுத்திலும், முழங்கை மடிப்பிலும், வேஷ்டி இறுக்கும் இடுப்பிலும் தோல் சிவந்து தடித்து நீர் கசிந்தது. இராத்தூக்கம் போயிற்று.

உடனே வைத்தியர்கள் புறப்பட்டுவிட்டார்கள். எங்கள் தெருவில் அவர்களுக்கா பஞ்சம்? ஒருவர் உஷ்ணம் என்றார். மற்றொருவர் கத்திரிக்காயின் மேல் குற்றம் சுமத்தினார். கத்திரிக்காயும் கருவாடும் அந்த வீட்டிலிருந்து தேசப் பிரஷ்டம் செய்யப்பட்டன. பத்தியம் இருந்த 15 நாளும் அவர் பட்டறைப் பக்கம் போகவில்லை, அரிப்பு அடங்கிற்று. புகழெல்லாம் பத்தியத்துக்குப் போய்விட்டது. மறுபடி இழைப்புளியை எடுத்த மூன்றாம் நாள் இமைகள் பழையபடி வீங்கின.

இதைவிடப் பெரிய உபத்திரவம் வேறொன்று. அவர் பூஜை மண்டபம் செய்துகொண்டிருந்த வீட்டில், "குழந்தைகள் புழங்குகிற இடம், ஒட்டுவாரொட்டியாக இருந்தால்...?" என்று இழுத்து, கூலிப் பாக்கியை எண்ணிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்த நோய் எவரிடமும் ஒட்டாது. அது மரத்தூளுக்கும் அவருடைய தோலுக்கும் உள்ள சொந்த விவகாரம்.

"30 வருஷம் இதே மரத்தைத்தானே ஐயா இழைத்தேன்? அப்போது வராதது இப்போது எப்படி வரும்?" என்று சர்க்கார் ஆஸ்பத்திரியில் அவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த நோய் அப்படித்தான் வருகிறது. மரத்திலுள்ள ஒரு பொருளைத் தோல், சில வாரங்களிலோ பல வருஷங்கள் கழித்தோ, பகையென்று குறித்துக்கொள்கிறது. குறித்த பிறகு மறப்பதில்லை; கொஞ்சம் தூள் பட்டாலும் ஓரிரண்டு நாளில் அரிப்புக் கிளம்பிவிடும். ஈட்டியில் அந்தப் பொருளுக்கு டால்பெர்ஜியோன் என்று பெயர்; குயினோன் வகையைச் சேர்ந்தது. தேக்கிலும் வேறு குயினோன்கள் உண்டு. ஓரத்து வெள்ளைக் கட்டையைவிட வைரம் பாய்ந்த நடுக்கட்டையில்தான் இவை மிகுதி. கரையானும் பூஞ்சையும் அண்டாதிருக்க மரம் தனக்கென்று சேர்த்துவைத்த சரக்கு அந்த வைரம். நாம் விலை கொடுப்பதும் அதற்குத்தான்.

சந்தேகம் தீர, டாக்டர் ஒரு பரீட்சை செய்தார். 1895-ல் ஜடாஸோன் என்ற ஜெர்மானிய வைத்தியர் வெளியிட்ட முறை அது. சந்தேகப்படும் பொருள்களை வாஸலினில் அளவாகக் கலந்து, முதுகில் சின்னச் சின்ன வில்லைகளாக ஒட்டுகிறார்கள். இரண்டு நாளில் எடுத்துப் பார்த்து, பின்னும் இரண்டொரு நாள் கழித்து மறுபடி பார்க்கிறார்கள். (பட்டறைத் தூளை நாமே வாரி ஒட்டிப் பார்ப்பது ஆபத்து; இல்லாத பகையை அதுவே உண்டாக்கிவிடலாம்.) ஆசாரியாரின் முதுகில் தேக்கு ஒட்டிய இடம் சும்மா இருந்தது. ஈட்டி ஒட்டிய இடம் சிவந்து கொப்புளித்தது.

"ஈட்டியை விட்டுவிடுங்கள்" என்று சொல்ல ஒரு விநாடி போதும். அவர் வீட்டு அடுப்பு எரிவது ஈட்டிக் கூலியில். கையுறை போட்டுப் பார்த்தார்; உள்ளே புகுந்த தூள் வியர்வையில் ஊறி இன்னும் மோசமாயிற்று. கடைசியில் ஈட்டி வேலையைப் பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டுத் தாம் தேக்கோடு நின்றுகொண்டார்.

பிள்ளைக்கு 24 வயது. "இவனுக்கும் வருமா?" என்று தகப்பனார் கேட்டதற்கு, யாருக்கு வரும், யாருக்கு வராது என்று முன்கூட்டிச் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். உளிச் சீவலைவிட உப்புத்தாளில் உதிரும் மாவு போன்ற தூள்தான் பொல்லாதது என்பதால், கடன் வாங்கித் தூள் உறிஞ்சும் யந்திரம் ஒன்று வைத்திருக்கிறார்கள். வேலை முடிந்ததும் பையன் பட்டறைக் கிணற்றடியிலேயே குளித்து, வேறு சட்டை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைகிறான். சட்டையை உதறாமல் நனைத்துப் போடவேண்டும் என்பது தாயாரின் கட்டளை.

பூஜை மண்டபத்துக்காரர்கள் போன வாரம் ஆள் அனுப்பியிருந்தார்கள். மண்டபம் கூரையில்லாமல் நிற்கிறதாம். ஆசாரியார் இன்னும் பதில் சொல்லவில்லை.