பெயிண்டில் ஒட்டிய மணல்

கிளாட் மொனேவை எனக்கு ரொம்ப நாளாகப் பிடிக்காது. காலண்டரிலும் காபிக் கோப்பையிலும் அவருடைய அல்லிக்குளத்தைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. தோட்டத்தில் நிம்மதியாக உட்கார்ந்து வரைந்த மனுஷன் என்றே நினைத்திருந்தேன்.

அதை மாற்றியது ஒரு சின்னப் படம்: ‘திரூவீல் கடற்கரை’. லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. அகலம் அரை மீட்டர்கூடக் கிடையாது. 1870 கோடையில், நார்மண்டிக் கடற்கரையில் வரைந்தது. இடதுபக்கம் வெள்ளை உடையில், குடை பிடித்தபடி அவர் மனைவி கமீல். ஜூனில்தான் கல்யாணம். ஜூலையில் பிரஷ்யாவோடு போர் தொடங்கிவிட்டது. கமீலின் முகத்தை அவர் முழுசாக வரையவில்லை. சில தீற்றல்கள், அவ்வளவுதான்.

அந்தப் படத்தின் பெயிண்டுக்குள் மணல் இருக்கிறது. ஈரம் காய்வதற்குள் கடற்கரைக் காற்று கொண்டுவந்து ஒட்டிய மணல். அன்றைய காற்றும் படத்தில் பாதி வேலை செய்திருக்கிறது.

பதினைந்து வருஷம் கழித்து எத்ரதாவில், சுண்ணாம்புப் பாறைகளுக்கு அடியில் நின்று வரைந்துகொண்டிருந்தார். அப்போது அவரைப் பார்த்த எழுத்தாளர் மொப்பசான், ஒரே காட்சியை வெவ்வேறு நேரங்களில் வரைந்த ஐந்தாறு படங்களைச் சிறுவர்கள் சுமந்து வந்ததை எழுதியிருக்கிறார். வெளிச்சம் மாறினால் இந்தப் படத்தை வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். மேகம் விலகட்டும் என்று காத்திருப்பதில்லை. மேகத்துக்கும் ஒரு படம் உண்டு.

1885 நவம்பரில் ஒருநாள், கடல் உள்வாங்குகிறது என்று நம்பி வேலையில் மூழ்கிவிட்டார். கடலோ ஏறிக்கொண்டிருந்தது. ஓர் அலை அவரைப் பாறையில் அறைந்து இழுத்துப்போனது. தவழ்ந்து கரையேறினார். தாடியெல்லாம் நீலமும் மஞ்சளும். படமும் ஸ்டாண்டும் பையும் போயின. ஆனாலும் எத்ரதாவை விட்டு அவர் ஓடிவிடவில்லை.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது. ஒரே ஒருமுறைதான் அவளைக் கடலுக்குக் கூட்டிப்போனேன். போனில் எடுத்த முதல் படத்தில் முந்தானை பறந்து பாதி முகத்தை மறைத்திருந்தது, கண்ணும் மூடியிருந்தது. “நல்லால்லம்மா, நேரா நில்லு” என்று சொல்லி, அதை அழித்துவிட்டு வேறு எடுத்தேன். விறைப்பாக நின்று கேமராவைப் பார்க்கும் அந்த இரண்டாவது படம்தான் இப்போது சுவரில் மாலையோடு இருக்கிறது. பின்னால் கடல் இருக்கிறது, காற்று இல்லை.

கமீல் 1879-இல், முப்பத்திரண்டு வயதில் இறந்துபோனாள். அவள் முகத்தைத் திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். அன்றைக்கு அவளுக்கும் கண்ணில் மண் விழுந்திருக்குமோ என்னவோ.