ஊசி மேல் பழி போடாதீர்கள்!

திருத்தணி வெயிலைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர். மலைக்கோயிலின் 365 படிகளும் காலைச் சுடும். இந்த வெயிலுக்கும் ஒரு குட்டி விமானத்தின் என்ஜினுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது!

கான்ட்ரோல் லைன் விமானத்துக்கு ரேடியோ தேவையில்லை. நடுவில் நிற்பவர் கையில் ஒரு பிடி, அதிலிருந்து விமானத்துக்கு இரண்டு மெல்லிய கம்பிகள். ஒன்றை இழுத்தால் மூக்கு மேலே போகும், மற்றதை இழுத்தால் கீழே வரும். விமானம் அவரையே சுற்றிச் சுற்றிப் பறக்கும். என்.சி.சி. விமானப் பிரிவு மாணவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

இதற்குப் பலர் பயன்படுத்துவது டீசல் வகை என்ஜின். கொல்கத்தாவில் தயாரான ‘அரோரா’ இந்த வகையில் பெயர் பெற்றது. பெயர்தான் டீசல், ஊற்றுவது டீசல் அல்ல! ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றும் ஏறக்குறைய சம பங்கு. ஈதர் பற்றிக்கொள்ளும், மண்ணெண்ணெய் சக்தி தரும், விளக்கெண்ணெய் தேய்மானத்தைத் தடுக்கும். ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்தத்தில் வரும் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும்.

ட்யூன் செய்ய இரண்டே திருகுகள். ஊசி வால்வு எரிபொருளின் அளவைக் கூட்டும், குறைக்கும். தலையில் இருக்கும் திருகு அழுத்தத்தை மாற்றும். அழுத்தம் குறைந்தால் என்ஜின் விட்டு விட்டு வெடிக்கும். கூடினால் திணறும், சூடாகும். சரியான இடத்தைக் காதுதான் கண்டுபிடிக்க வேண்டும்.

புதியவர்கள் தரையிலேயே உச்ச வேகம் வரும்வரை ஊசியை மூடிவிடுகிறார்கள். கேட்க ஜோராகத்தான் இருக்கும். ஆனால் பறக்கும்போது புரொபெல்லரின் சுமை குறைந்து என்ஜின் இன்னும் வேகமாகச் சுழலும், எரிபொருள் போதாமல் போகும். மூக்கை மேலே தூக்கினால் பற்றாக்குறை இன்னும் கூடும். உச்சியில் என்ஜின் நின்றால் கம்பி தொய்யும். தொய்ந்த கம்பியால் எதையும் கட்டுப்படுத்த முடியாது. பல வாரம் ஒட்டிய பால்சா மரம் ஒரு நொடியில் தூள்! அதனால், தரையில் ஊசியைக் கொஞ்சம் திறந்தே வைக்க வேண்டும். விமானத்தைக் கையில் பிடித்து மூக்கைத் தூக்கிப் பார்த்து, சத்தம் தளராமல் இருந்தால் மட்டுமே பறக்கவிட வேண்டும்.

இப்போது வெயிலுக்கு வருவோம். ஈதர் 34.6 டிகிரியிலேயே கொதித்துவிடும். வெயிலில் வைத்த பாட்டிலைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஈதர் கொஞ்சம் பறந்துபோகும். காலையில் ஒரே தட்டில் ஓடிய என்ஜின் மதியம் எத்தனை தட்டினாலும் முனகாது. உடனே ஊசியைத் திறந்து, அழுத்தத்தையும் கூட்டுவார்கள். உள்ளே தேங்கிய எரிபொருளை நசுக்க முடியாது. கனெக்டிங் ராடுதான் வளையும்.

குற்றம் ஊசியில் இல்லை, பாட்டிலில். மூடியை இறுக்கி, நெருப்பு அண்டாத நிழலில் வைத்து, காலையிலேயே பறக்கவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. திருகைத் தொடும் முன், காலையிலிருந்து எது மாறியிருக்கிறது என்று யோசித்தால் மீதியும் தீரும்.