கரவனில் விளக்கு அணைந்தால்

வேல்ஸின் கார்டிகன் குடாக்கரையில் கோடை விடுமுறைக்கு கரவன்கள் வரிசையாக வந்து நிற்கும். காரின் பின்னே இழுத்து வரும் இச்சிறு வீடுகளில் இருபது, முப்பது வயதைத் தாண்டியவையும் உண்டு. பிள்ளைகளோடு அப்படியொன்றில் தங்க நேர்ந்து, இரவில் திடீரென இருண்டுவிட்டால் பதறாதீர்கள், சகோதரியே.

உள்ளே ஓடுவது இருவகை மின்சாரம். விளக்கும் தண்ணீர்ப் பம்பும் 12 வோல்ட் பற்றரியில் இயங்கும். சுவர்ப் பிளக்குகளுக்கோ வெளிக்கம்பத்திலிருந்து நீலநிறப் பிளக் வழியாக 230 வோல்ட் வருகிறது. எது போயிற்று என்று முதலில் பாருங்கள்.

விளக்கு எரிகிறது, பிளக் மட்டும் இயங்கவில்லையா? ட்ரிப் சுவிச் விழுந்திருக்கும். குற்றவாளி பெரும்பாலும் நமது கேத்தில்தான்! கம்பம் 10 அம்பியர் தந்தால் 2,300 வொட்தான் தாங்கும்; தேநீருக்குத் தண்ணீரும் வைத்து ஹீட்டரையும் போட்டால் எப்படி? ஒன்றை நிறுத்திவிட்டு சுவிச்சை உயர்த்துங்கள். கம்பத்திலுள்ள சுவிச்சே விழுந்திருந்தால் முகாம் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். மழைநாளில் எதையும் போடாமலே திரும்பத் திரும்ப விழுந்தால், எங்கோ ஈரம் புகுந்து மின் கசிகிறது. அப்போது வற்புறுத்தி உயர்த்துவது உயிருக்கே ஆபத்து. மின்வேலை தெரிந்தவரை அழையுங்கள்.

பிளக் இயங்கி விளக்கு மட்டும் அணைந்தால் பியூஸையும் சார்ஜரையும் பற்றரியையும் பாருங்கள். பழைய கரவனில் பற்றரி முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகக் களிம்பு பூத்திருக்கும். அதைத் துடைத்தாலே பலவேளை வெளிச்சம் வந்துவிடும். கை வைக்குமுன் நீலப் பிளக்கைப் பிடுங்குங்கள். பற்றரியில் நெகட்டிவ் முனையையே முதலில் கழற்றுங்கள்.